குலுங்கினா நிக்குது, அஞ்சு நிமிசத்தில ஓடுது: டபுள் கெப் வயரிங்

வெல்லாவெளி கெப் | நவம்பர் 18, இரவு 8.40

டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், 3எல் ரக டீசல் எஞ்சின். வட்டைக்கு (வயல்வெளிக்கு) போற கிரவல் ரோட்டில சட்டெண்டு எஞ்சின் நிக்குது. அஞ்சு நிமிசம் விட்டுத் திறப்பைப் போட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. தார் ரோட்டில ஒரு கிழமை ஓடினாலும் நிக்காது. பற்றரி புதுசு, டீசல் பில்டர் மாத்தியாச்சு. ஒரு மெக்கானிக் பாஸ் டீசல் பம்பைக் கழட்டோணும் எண்டுறார், இன்னொராள் முழு வயரிங்கையும் மாத்தச் சொல்றார். இது கரண்ட் கோளாறா, டீசல் கோளாறா?

கல்லடி வயர்மன் | நவம்பர் 18, இரவு 9.05

பம்பில கை வைக்க வேணாம். எஞ்சின் நிண்ட அந்த நொடியில டாஷில என்ன எரியுது எண்டு பாத்தீங்களா? திறப்பு போட்டபடி எஞ்சின் நிண்டா சார்ஜ் பல்பும் ஒயில் பல்பும் எரியோணும். எரிஞ்சா திறப்புச் சுவிற்ச் வரைக்கும் கரண்ட் வருகுது. எல்லாம் செத்துப்போனா கோளாறு மேல இருக்கு: திறப்புச் சுவிற்ச், பற்றரி டேர்மினல், பற்றரியடி உருகுவயர்.

அந்த எஞ்சினுக்கு ஓடுறத்துக்குக் கரண்ட் தேவைப்படுறது ஒரே ஒரு இடத்தில. டீசல் பம்பில இருக்கிற கட் சொலினொயிட் (கரண்டில திறக்கிற அடைப்பு). அதுக்கு 12 வோல்ற் இருந்தா டீசல் போகும், இல்லாட்டி நிக்கும். ஒரு நட்டில இறுக்கின ஒரு வயர், அவ்வளவுதான்.

வெல்லாவெளி கெப் | நவம்பர் 18, இரவு 9.20

டாஷைப் பாக்க எங்க நேரம். எஞ்சின் நிண்டா பவர் ஸ்டியரிங் இறுகிப்போகுது, வண்டியைக் கரைக்குக் கொண்டுவாறதே பெரும்பாடு.

கல்லடி வயர்மன் | நவம்பர் 18, இரவு 9.50

அப்ப பல்ப் பாக்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க. 12 வோல்ற் 5 வாட் பல்ப் மூண்டு, ஹோல்டரோட. டாஷுக்கு மேல வரிசையா ஒட்டுங்க.

முதலாவது, திறப்புச் சுவிற்சில இருந்து வெளிய வாற வயரில, பியூசுக்கு முன்னுக்கு. ரெண்டாவது, அந்த லைன் பியூஸ் தாண்டின பக்கம். மூண்டாவது, பம்பில சொலினொயிட் நட்டிலயே. மூண்டு வயரிலயும் தொடங்கிற இடத்தில 3 அம்பியர் பியூஸ் போடுங்க, வயர் எங்கயாவது உரஞ்சா வண்டி பத்தக்கூடாது. ஒரு பல்ப் 0.4 அம்பியர்தான் இழுக்கும், லைனுக்குப் பாரமில்ல.

மூண்டும் எரிஞ்சுகொண்டிருக்க எஞ்சின் நிண்டா அது டீசல் பக்கம்: காத்து இழுக்குது, இல்லாட்டி டாங்கிக்குள்ள குழாய் அடைக்குது. மூண்டாவது மட்டும் அணைஞ்சா பியூஸ் பெட்டிக்கும் பம்புக்கும் இடையில. ரெண்டும் மூண்டும் அணைஞ்சா பியூஸ் அல்லது பியூஸ் கால் (பியூஸ் செருகிற பிடி). மூண்டும் அணைஞ்சா சுவிற்ச் அல்லது அதுக்கு மேல. சின்னக் காசுச் சாமான், பம்ப் கழட்டுற கூலியில ஒரு மூலைக்கும் காணாது.

அக்கரைப்பற்று ரிலே | நவம்பர் 19, காலை 6.30

வயர்மன் சொன்னது சரி. பியூசைப் பத்தி ஒண்டு கூட்டுறன். பிளேட் பியூசைக் கழட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து "நல்லாத்தான் இருக்கு" எண்டு திருப்பிப் போடுறதால ஒரு பிரயோசனமும் இல்ல. தகட்டில மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தா குளிரில தொடும், சூட்டில விடும். பியூஸ் இருக்கிற இடத்திலயே, சுமை போட்டுக்கொண்டு (அந்த லைன் சாமானை ஓட விட்டு), முதுகில தெரியிற ரெண்டு சின்ன உலோகப் புள்ளியிலயும் மீற்றரை வைக்கோணும். ரெண்டுக்கும் ஏர்த்தில (பற்றரி மைனசோட சேர்ற வண்டி உடம்பில) இருந்து ஒரே வோல்ற் வரோணும்.

பியூஸ் கால் விரிஞ்சிருந்தாலும் இதே கதைதான். புதுப் பியூஸைச் செருகக்குள்ள கைக்கு இறுக்கம் தெரியோணும். வழுக்கிக்கொண்டு போனா காலை மெல்லிய ஊசியால நெருக்கி விடுங்க. நிறம் தெரியாம மாத்திப் போடுறவங்களுக்கு: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பொத்துவில் டிபென்டர் | நவம்பர் 19, காலை 10.15

நான் முழு வயரிங் மாற்றச் சொன்னவரின் பக்கத்துக்கும் கொஞ்சம் பேசுகிறேன். பாணமை, ஒக்கந்தைக் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்பு வயருக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே பிளாஸ்டிக் புதிது போல இருக்கும். ஒரு அங்குலம் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்துப்போய், தொட்டால் பொடியாகும். ஒரு முனையில் புகுந்த ஈரம் இழைகளுக்கு நடுவே திரி எண்ணெய் இழுப்பது போல உள்ளே ஏறுவதுதான் காரணம். அப்படி இருந்தால் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், சில வேளை ஒரு அடி கூடப் போகும். கறுத்த செம்பில் புது டேர்மினல் அடிப்பது வீண் வேலை.

ஆனால் முழு வயரிங்கையும் ஒரேயடியாக மாற்றினால், இருந்த ஒரு கோளாறு போய் பத்துப் புது இணைப்பில் பத்துக் கோளாறு வரும். முதலில் ஏர்த்.

கல்லடி வயர்மன் | நவம்பர் 19, மதியம் 1.10

ஏர்த் எண்டு சொன்னதும் எல்லாரும் மீற்றரை ஓமில வைச்சுத் தட்டிப் பாத்திட்டு "0.2 காட்டுது, நல்ல ஏர்த்" எண்டுறாங்க. அது பொய்க்கணக்கு. ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கக்குள்ள 0.01 ஓம் இருந்தாலே 2 வோல்ற் அங்கயே தின்னுப்போடும். அந்த 0.01ஐ நம்ம மீற்றர் காட்டவே காட்டாது. ஏழு இழை வயரில ஆறு அறுந்து ஒண்டு மிஞ்சி இருந்தாலும் ஓம் மீற்றருக்கு அது முழு வயர்தான்.

சுமை போட்டு வோல்ற் இழப்பைப் பாருங்க. மீற்றர் 20 வோல்ற் டிசியில. கறுப்பு முனை பற்றரி மைனஸ் ஈயக் கொம்பில (கிளாம்பில இல்ல, கொம்பில), சிவப்பு முனை எஞ்சின் உடம்பில. மற்ற ஆள் ஸ்டார்ட்டரைச் சுத்தட்டும். 0.5க்கு மேல காட்டினா எஞ்சின் ஏர்த் பட்டி சரியில்ல. மறுகா சிவப்பு முனையை வண்டி உடம்பில வைச்சு ஹெட்லைட், ஹீட்டர் பான் எல்லாம் போட்டுப் பாருங்க, 0.1க்கு மேல வரக்கூடாது. பிளஸ் பக்கமும் இப்பிடித்தான்: சுவிற்சுக்கோ வயருக்கோ 0.2 வரைக்கும் பொறுக்கலாம்.

பின் லைட்டில ஏர்த் போனா கண்ணுக்கே தெரியும். பிரேக் மிதிச்சா சிக்னல் பல்ப் மங்கலா எரியும். கரண்ட் வீட்டுக்குப் போக வழி தேடி அடுத்த பல்புக்குள்ளால போகுது.

பொத்துவில் டிபென்டர் | நவம்பர் 19, மாலை 5.40

லாண்ட் ரோவர் டிபென்டரில் இது இரட்டிப்புத் தொல்லை. உடம்பு அலுமினியம், சட்டம் இரும்பு, டேர்மினல் பித்தளை. இந்த மூன்றும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். அதன் வெள்ளைப் பொடி மின்சாரத்தை விடாது. சுரண்டி இறுக்கினால் ஒரு மாரி தாங்கும், அவ்வளவுதான். பின் லைட் இரண்டுக்கும் தனி ஏர்த் வயர், 2.5 சதுர மில்லிமீற்றர், நேரே சட்டத்தில் ஒரு போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணாடியின் அடிச்சட்டத்தால் வடியும் மழைத்தண்ணீர் டாஷுக்குக் கீழே பியூஸ் பெட்டிப் பக்கம் இறங்குவதும் பழைய டிபென்டரின் குணம். மழை நாளில் மட்டும் வைப்பர் தானாக ஓடுகிறதென்றால் வைப்பர் மோட்டரை விட்டுவிட்டு அங்கே விரலை வைத்து ஈரம் பாருங்கள்.

டிடி5 எஞ்சின் வைத்திருப்பவர்கள் எஞ்சின் கொம்பியூட்டரில் செருகும் சிவப்புப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். உள்ளே ஒயில் இருக்கும். இன்ஜெக்டர் வயர் வால்வு மூடிக்குள் ஒயிலில் கிடக்கிறது, இழைகளுக்கு நடுவே ஊறி எஞ்சின் அறையிலிருந்து சீட்டுக்கு அடியில் உள்ள கொம்பியூட்டர் வரை வந்துவிடும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். மூடிக்குள் இருக்கும் அந்தச் சின்ன வயர்க்கட்டை மாற்றாமல் நிரந்தரமாக நிற்காது. மாற்றிய பின்னும் பழைய நீள வயரில் ஊறிய ஒயில் வடிந்து தீரும் மட்டும் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும்.

வெல்லாவெளி கெப் | நவம்பர் 21, இரவு 7.55

பல்ப் மூண்டும் போட்டாச்சு. இண்டைக்கு நிண்டது. மூண்டும் ஒண்டா மினுங்கி அணைஞ்சது. அப்ப சுவிற்ச்தானே?

அக்கரைப்பற்று ரிலே | நவம்பர் 21, இரவு 8.10

பல்புகளுக்கு ஏர்த் எங்க எடுத்தீங்க?

வெல்லாவெளி கெப் | நவம்பர் 21, இரவு 8.12

டாஷுக்குக் கீழ ஒரு ஸ்குருவில, காக்கா. மூண்டுக்கும் ஒரே ஸ்குரு.

அக்கரைப்பற்று ரிலே | நவம்பர் 21, இரவு 8.20

தம்பி, அந்த ஸ்குரு ஆடினாலும் மூண்டும் ஒண்டாத்தான் அணையும். சாட்சிக்காரனே ஆட்டம் காணுறான். பற்றரி மைனசில இருந்து தனி வயர் இழுத்து மூண்டுக்கும் குடுங்க, மறுகா ஓடிப் பாருங்க. இதுக்குள்ள சுவிற்ச் வாங்கப் போகாதீங்க.

கல்லடி வயர்மன் | நவம்பர் 21, இரவு 8.45

பிழை என்னில. ஏர்த் பத்தி ஒரு பக்கம் எழுதிப்போட்டு பல்புக்கு எங்க ஏர்த் எடுக்கிறது எண்டு சொல்லேல்ல.

இன்னொரு திருத்தமும் இருக்கு. டெஸ்ட் பல்ப் எண்டா சில ஆக்கள் 21 வாட் பிரேக் பல்பைப் பாவிப்பாங்க. ஏர்த், ஹோர்ன், ஹெட்லைட் லைன் பாக்க அது அருமையான சாமான், 1.75 அம்பியர் இழுக்கிறதால நோஞ்சான் வயர் உடன பிடிபடும். ஆனா கொமன்ரெயில் வண்டியில (கொம்பியூட்டர் டீசலை ஆளுற எஞ்சின்) சென்சர் வயர், கொம்பியூட்டருக்குப் போற வயர் ஒண்டிலயும் வைக்கக்கூடாது, உள்ளுக்க எரிஞ்சுபோகும். மஞ்சள் பிளக், மஞ்சள் உறை போட்ட வயர் எயார்பேக். அதில பல்பும் வேணாம், மீற்றரும் வேணாம்.

அக்கரைப்பற்று ரிலே | நவம்பர் 22, காலை 7.00

வயரைக் குத்திப் பாக்கிற பழக்கத்தையும் விடுங்க. மீற்றர் ஊசியால பிளாஸ்டிக்கைக் குத்தின ஓட்டைக்குள்ளால ஆறு மாசத்தில உப்பு போய் உள்ளுக்க பச்சை பூக்கும், அடுத்த கோளாறு அந்த இடத்திலதான். பிளக்கின்ர பின்பக்கத்தால, வயர் உள்ளுக்க போற ரப்பரோரமா மெல்லிய ஊசியை விட்டுத் தொடலாம். குத்தித்தான் ஆகோணும் எண்டா குத்தின இடத்தில ரெண்டு சொட்டு கியூட்டெக்ஸ். நிறம் உங்கட விருப்பம்.

வெல்லாவெளி கெப் | நவம்பர் 24, மாலை 6.30

ஏர்த் மாத்தினன். இண்டைக்கு ரெண்டு தரம் நிண்டது. முதல் ரெண்டு பல்பும் அப்பிடியே எரியுது, மூண்டாவது மட்டும் மினுங்கி அணைஞ்சது, எஞ்சினும் அதோட போச்சு.

கல்லடி வயர்மன் | நவம்பர் 24, மாலை 6.50

இப்ப எஞ்சினை ஓட விட்டு, பம்புக்கு வாற வயரைக் கையால ஒரு சாண் ஒரு சாணா அசைச்சுக்கொண்டு போங்க. முறுக்காதீங்க, மேலையும் கீழையும் மெல்ல ஆட்டுறது. எஞ்சின் இருமுற இடத்தில நிப்பாட்டுங்க. டேர்மினல் அடியில இருந்து நாலு விரல் தூரம்தான் கூடுதலாச் சந்தேகம். எஞ்சின் அதிருது, வயர்க்கட்டு அதிராது, ரெண்டுக்கும் இடையில மடியிற இடம் அது.

வெல்லாவெளி கெப் | நவம்பர் 24, இரவு 8.15

கிடைச்சது! வளைய டேர்மினலுக்குப் பின்னால ஒரு அங்குலத்தில. வெளிய பிளாஸ்டிக் ஒரு கீறலும் இல்ல. இழுத்துப் பாத்தா அந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளுது. வெட்டினா உள்ளுக்க மூண்டு இழைதான் மிச்சம், மற்றதெல்லாம் அறுந்து முனை கறுத்திருக்கு. ஈயம் வைச்சு ஒட்டட்டா?

பொத்துவில் டிபென்டர் | நவம்பர் 24, இரவு 8.40

ஈயம் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஓடி ஒரு கம்பி போல விறைத்துவிடும், அது முடியும் விளிம்பில் அதிர்வில் மறுபடி அறும். நல்ல செம்பு வரை வெட்டி, அரை அடி புது வயர் சேர்த்து, நெரி டேர்மினல் சரியான இடுக்கியால் நெரித்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தால் பசை பிதுங்கி வந்தால்தான் ஈரம் புகாது. வயரை ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், கம்பி போல இழுத்துக் கட்டினால் மறுபடி அதே இடம்.

கல்லடி வயர்மன் | நவம்பர் 24, இரவு 9.00

ஈயத்தை அப்பிடி ஒரேயடியாத் தள்ள ஏலாது. கட்டுக்குள்ள அசையாத இடத்தில ஈயம் வருசக்கணக்கா நிக்கும். எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவில தொங்கிற வயரில கூடாது, அதில அவர் சொல்றது சரி.

அக்கரைப்பற்று ரிலே | நவம்பர் 25, காலை 6.45

இந்தக் கிழமை மழை தொடங்கிட்டு. பஜிரோக்காரர் கனபேர் கேக்கிற கேள்வி: 4எச் (நாலு சில்லு ஓட்டம்) போட்டா டாஷில சில்லுப் படம் மினுங்கிக்கொண்டே நிக்குது, சில நாள் சரி, சில நாள் இல்ல. கியர்பெட்டியைத் திறக்கச் சொல்லுவாங்க. முன் அச்சைப் பூட்டுறது வாக்யூம், அதால முதல்ல வாக்யூம் குழாய்களைப் பாருங்க, மடிப்பில வெடிச்சிருக்கும். மறுகா எஞ்சின் அறையில இருக்கிற ரெண்டு சொலினொயிட், திறப்பு போட்டு லீவரை மாத்தக்குள்ள டிக் எண்டு கேக்கோணும். அதுவும் சரியெண்டா முன் அச்சில இருக்கிற பிரீவீல் சுவிற்ச், அச்சு பூட்டினதை டாஷுக்குச் சொல்றது அது. 4எச்சில வைச்சு அந்தப் பிளக்கைக் கழட்டி வண்டிப் பக்கத்து ரெண்டு வயரையும் ஒண்டோடொண்டு தொடுங்க. மினுக்கம் நிண்டா வயரிங் சரி, சுவிற்ச் அல்லது வாக்யூம் பக்கம்தான் கோளாறு. சேத்துக்குள்ள எந்நேரமும் கிடக்கிற சுவிற்ச் அது, பாவம்.

பிராடோ வைச்சிருக்கிறவங்க நடுப்பூட்டை (சென்டர் டிப் லொக்) மாசத்துக்கு ஒருக்காவாவது போட்டு எடுங்க. வருசக்கணக்கா அசையாத மோட்டர் பொத்துவில் மண்ணில புதையிற அண்டைக்குத்தான் வேலை செய்யமாட்டன் எண்டும்.

மண்டூர் பயணி | நவம்பர் 25, இரவு 9.30

எனக்கும் ஒண்டு. ஸ்டார்ட்டர் சில நேரம் "டிக்" எண்டு ஒரு சத்தம் மட்டும், சுத்தாது. ஏழெட்டுத் தரம் திறப்பைத் திருப்பினா பிடிக்கும். டொயோட்டாதான். பாதையில (வாவியைக் கடக்கிற மிதவையில) ஏத்தி இறக்கிற வண்டி, உப்புத் தண்ணி படும்.

கல்லடி வயர்மன் | நவம்பர் 25, இரவு 9.45

லைட் மங்காம ஒரு டிக் எண்டா ஸ்டார்ட்டர் சொலினொயிட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு செப்புத் துண்டும் தேஞ்சிருக்கு. மூடியைக் கழட்டினா தெரியும், ஒண்டு மற்றதை விடக் கூடத் தேஞ்சிருக்கும். துண்டு ரெண்டும் பிளஞ்சரும் தனியா வாங்கலாம், முழு ஸ்டார்ட்டர் தேவையில்ல. டிக் சத்தத்தோட லைட்டும் மங்கினா பற்றரி இல்லாட்டி டேர்மினல். சத்தமே இல்லாட்டி திறப்புப் பக்கத்து வயர்.

வெல்லாவெளி கெப் | டிசம்பர் 4, இரவு 8.00

பத்து நாள் தங்கமா ஓடின வண்டி இண்டைக்குத் திரும்ப நிண்டது. மூண்டு பல்பும் போச்சு, டாஷும் இருட்டு. திறப்பைக் கொஞ்சம் அசைச்சா வருகுது. பல்ப் ஏர்த் பற்றரியிலதான், சத்தியமா.

கல்லடி வயர்மன் | டிசம்பர் 4, இரவு 8.20

அப்ப ரெண்டு கோளாறு இருந்திருக்கு. 21ஆந் திகதி மூண்டும் அணைஞ்சது ஸ்குருவாலயா சுவிற்சாலயா எண்டு இப்ப எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. சுவிற்சுக்கு உள்ளுக்க வாற தடிச்ச வயருக்கும் வெளிய போற வயருக்கும் இடையில மீற்றரை வைச்சு, எல்லாச் சாமானையும் போட்டு அளந்து சொல்லுங்க. திறப்போட என்ன தொங்குது? வீட்டுத் திறப்பு, ஸ்டோர் திறப்பு, மாட்டுப்பட்டிப் பூட்டுத் திறப்பு எல்லாம் ஒரே வளையத்திலயா?

வெல்லாவெளி கெப் | டிசம்பர் 5, காலை 9.10

பதினொரு திறப்பு. அளந்தன், 1.3 வோல்ற். சுவிற்சின்ர பின் பிளக்கில ஒரு காலைச் சுத்திப் பிளாஸ்டிக் மண்ணிறமாக் கருகியிருக்கு.

அக்கரைப்பற்று ரிலே | டிசம்பர் 5, காலை 9.30

1.3 வோல்ற்றை 10 அம்பியரால பெருக்கினா 13 வாட் சூடு, ஒரு நகத்தளவு இடத்தில. கருகாம என்ன செய்யும். முன்னுக்கு லைட் பார் போட்டிருக்கா? எங்க இருந்து கரண்ட் எடுத்திருக்கு?

வெல்லாவெளி கெப் | டிசம்பர் 5, காலை 9.40

120 வாட் பார். ஆனை பாக்கப் போட்டது. திறப்பு லைனில இருந்து நேர.

அக்கரைப்பற்று ரிலே | டிசம்பர் 5, காலை 10.05

கள்ளன் பிடிபட்டான். அந்த 10 அம்பியரும் இவ்வளவு நாளும் சுவிற்சுக்குள்ளால போயிருக்கு. முழுப் பூட்டும் வேணாம், பின்னால ரெண்டு ஸ்குருவில நிக்கிற கரண்ட் பாகத்தை மட்டும் மாத்துங்க. கருகின பிளக் காலையும் மாத்தோணும், பழைய காலில புதுச் சுவிற்ச் போட்டா அதுவும் கருகும்.

பாருக்கு ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போடுற சுவிற்ச்): 30ஆம் கால் பற்றரி பிளஸ், இடையில 15 அம்பியர் பியூஸ், அது பற்றரியில இருந்து ஒரு சாணுக்குள்ள. 87 பாருக்கு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். 86க்கு டாஷில ஒரு சின்னச் சுவிற்சுக்குள்ளால திறப்பு லைன், 85 ஏர்த். ரிலே சுருள் 0.2 அம்பியர்கூட இழுக்காது. ரிலேயைக் கால் கீழ பாக்கிற மாதிரி மாட்டுங்க, தண்ணி தேங்காது. வயரை வெட்டாம நெரிச்சுக் கவ்வுற அந்த நீலக் கிளிப்பை எங்கட பக்கம் பாவிக்காதீங்க, அது உப்புத்தண்ணிக்குக் கட்டின தொட்டி.

மண்டூர் பயணி | டிசம்பர் 5, மாலை 4.00

செப்புத் துண்டு மாத்தியாச்சு, பிடிக்குது. பிளக்குகளுக்குள்ள கிறீஸ் அடைச்சு விடட்டா, உப்புக்கு?

பொத்துவில் டிபென்டர் | டிசம்பர் 5, மாலை 4.25

சாதாரண கிறீஸ் ரப்பரைத் தின்னும். சிலிக்கன் கிறீஸ், அதுவும் ரப்பர் வளையத்திலும் ஓரத்திலும் மெல்லிய பூச்சு. அது மின்சாரம் கடத்தாத பொருள், காலுக்குள் அடைத்து நிரப்பினால் தளர்ந்த காலில் அதுவே கோளாறாகும். ஏர்த் போல்ட்டில் முதலில் சுரண்டி, இறுக்கி, பிறகு மேலே பூசுங்கள்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறுக்குத் தலைமுடி உலர்த்தி நல்ல கருவி. டொயோட்டாவின் பட்டறைப் புத்தகமே சூடு, அதிர்வு, தண்ணீர் மூன்றையும் செயற்கையாகக் கொடுத்துக் கோளாறை வரவழைக்கச் சொல்கிறது. 60 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது, கொம்பியூட்டர் உறுப்புகளை நேரே சுடக்கூடாது. தண்ணீரும் எஞ்சின் அறைக்குள் நேரே இல்லை, ரேடியேற்றரின் முன்முகத்தில் தெளித்து ஈரக்காற்றை உள்ளே விடுவது.

கல்லடி வயர்மன் | டிசம்பர் 6, காலை 7.15

நெல்லு ஸ்டோருக்குப் பக்கத்தில நிப்பாட்டுற வண்டி எண்டா எலியையும் கணக்கில எடுங்க. கடிச்ச வயர் வெட்டின மாதிரி இருக்காது, பிளாஸ்டிக் மட்டும் சுரண்டிச் செம்பு தெரியும், மழை பெஞ்சாத்தான் ஷோட் ஆகும்.

வெல்லாவெளி கெப் | டிசம்பர் 14, இரவு 7.30

சுவிற்சும் பிளக்கும் ரிலேயும் போட்டு ஒன்பது நாள். சுவிற்சில இப்ப 0.08 வோல்ற். உன்னிச்சைப் பக்கம் கிரவலில ரெண்டு நாள் ஓடினன், நிக்கேல்ல. திறப்பு வளையத்தில இப்ப ஒரு திறப்புத்தான். பல்ப் மூண்டையும் கழட்டலாமா? பொண்டாட்டி கோயில் சோடனை மாதிரி இருக்கு எண்டுறா.

கல்லடி வயர்மன் | டிசம்பர் 14, இரவு 7.45

சூடடிப்பு முடியட்டும். அதுவரைக்கும் எரியட்டும்.